‘வரேன்’ என்று சொல்லாமலே...

எங்கள் வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வாசற்படி தாண்ட முடியாது. எதிர்க்கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். மறந்தால் என் மாமியார் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பார். அப்படிப்பட்டவர் சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டார்.

அன்று காலை அம்பத்தூரில் எங்கள் அடுக்களையில் வழக்கமான அமர்க்களம். பையனுக்கு டிபன், இவருக்குச் சாப்பாடு, குக்கரில் மூன்றாவது விசில். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை திடீரென்று கேட்டார்:

“ஏம்மா, எங்கம்மா போனப்ப எனக்கு 9 வயசு. இப்ப 76. அங்கே போனா இந்தக் கிழவியை எங்கம்மாவுக்கு அடையாளம் தெரியுமா?”

“நல்ல நேரம் பார்த்தீங்க அத்தே! தலைக்கு மேல வேலை கிடக்கு” என்று எரிந்து விழுந்தேன். அவர் பேசாமல் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். பதினோரு மணிக்குப் பக்கவாதம் வந்து சாய்ந்தவர்தான். பிறகு பேசவே இல்லை.

‘இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்’ என்றார் டாக்டர். மூன்று நாள் கூடத்தில் கிடந்தார். உறவினர் ஒருவர் வாயில் பால் ஊற்ற வந்தபோது, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அக்கா தடுத்தார். நினைவில்லாதவரால் விழுங்க முடியாது, மூச்சுக்குழாயில் போய்விடும், ஈரத் துணியால் உதட்டை நனைத்தால் போதும் என்றார். சகோதரிகளே, இதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“காதோரமா பேசு, கேட்டாலும் கேட்கும்” என்றும் அவர்தான் சொன்னார். கனடாவில் வான்கூவர் நகரத்தில் இதை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நினைவிழந்து கடைசி மணி நேரத்தில் இருந்த சிலருடைய மூளையும் ஒலி கேட்டபோது அதற்கு அசைந்து கொடுத்ததாம். சொன்னது புரிந்ததா என்பதை மட்டும் அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

வந்தவர்களுக்குக் காபி போட்டு ஓய்ந்த இரண்டாம் நாள் இரவு, அத்தையின் காதருகே குனிந்தேன். “கண்டுக்குவாங்க அத்தே. 9 வயசுப் பிள்ளையை விட்டுட்டுப் போனவங்க வாசலையேதான் பார்த்துக்கிட்டிருப்பாங்க” என்றேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் அடங்கிவிட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள், நம் வழக்கப்படி, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். ஒரு பாட்டி மட்டும், “பெருமாள் பேரை ஒரு தடவை சொல்லாம போயிட்டாளே!” என்று அங்கலாய்த்துவிட்டுப் போனார். அது வருஷம் முழுக்க என்னை அரித்தது. கடைசியாகக் காதில் விழுந்தது என் சிடுசிடுப்பாக இருந்தால் பெருமாள் எங்கே நினைவுக்கு வருவார்?

வருஷத் திதி முடிந்ததும் அத்தை பிறந்த ஊரான பூந்தமல்லிக்குப் போனோம். திருக்கச்சி நம்பி பிறந்த ஊரும் அதுதான். காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசித் தொண்டு செய்தவர். பெருமாள் அவரோடு பேசுவாராம். ராமானுஜர் தம் சந்தேகங்களை அவர் மூலமாகத்தான் கேட்டார் என்றும், ஆறு பதில்கள் வந்தன என்றும் சொல்வார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில், நம்பி சந்நிதிக்கு எதிரே என் மனக்குறையைக் கேட்ட ஒரு பெரியவர் சிரித்தார்.

“அந்த ஆறிலே ஒண்ணு என்ன தெரியுமா? கடைசி நேரத்திலே என்னை நினைக்கணும்னு கட்டாயம் இல்லைங்கிறதுதான். நல்லா இருக்கிறப்ப நினைச்சாங்களே, அது போதும்மா.”

தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட அத்தையின் கைகள் கண் முன்னால் வந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

பெருமாள் கடைசி நேரத்துக் கணக்குப் பார்ப்பதில்லை, சரி. மனிதர்களான நமக்கு? அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதில்லை. ஆனால் அத்தை என்னிடம் பதிலா கேட்டார்? அடுப்பைத் தணித்துவிட்டு ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதுமே!

இப்போது என் அம்மா போனில் பேசினால் நான் அவசரப்படுவதில்லை. குக்கர் நாலு விசில் கூடவே அடிக்கட்டும், பருப்பு கொஞ்சம் குழைந்தால் குழையட்டும்.

சரி, நானும் உங்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டுமே. போயிட்டு வரேன்!