"வெறும் தடிமன்தான்" என்று சொல்வதற்கு முன்...



மழையும் பனியும் சேர்ந்து வந்துவிட்டன. வெலிமடை, குருத்தலாவை, சில்மியாபுர என்று எங்கே போனாலும் வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார். "வெறும் தடிமன்தான், கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா சரி" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் கேட்கிறது. இருபது வயதுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் சரி. எழுபது வயது உம்மும்மாவுக்கு அது சரியில்லை. அதைத்தான் இன்று கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இன்ஃபுளுவென்சா வருடத்தில் இரண்டு தடவை கூடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொன்று. இரண்டாவது, நம் பக்கத்துக் குளிரோடு சேர்ந்து வருவது. ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருக்கும் காலம். வைரஸுக்கு வேறென்ன வேண்டும்?

ஆசிரியர்களாகிய நாங்கள் அது பரவும் வழியைத் தினமும் பார்க்கிறோம். வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால், வாரம் முடிவதற்குள் பத்துப் பிள்ளைகள் இருமுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போவது யாரிடம்? வாப்பா கொழும்பில் கடையில், உம்மா வெளிநாட்டில். பிள்ளையை வளர்ப்பது உம்மும்மாவும் மூத்தவாப்பாவும்தான். பக்கத்துத் தோட்டங்களிலும் அதே கதை. அம்மா கொழுந்துக்குப் போனால் பிள்ளை பாட்டியிடம். லயத்தில் சின்ன அறை, விறகடுப்புப் புகை, ஏற்கனவே முட்டு இழுக்கும் நெஞ்சு. வகுப்பில் தொடங்கிய தடிமன் கடைசியில் அந்த நெஞ்சில்தான் போய் இறங்குகிறது.

வயது போனவர்களின் உடம்பு நோயை வேறு விதமாகக் காட்டும். காய்ச்சல் அடிக்காமலே நியூமோனியா வரலாம். சாப்பாடு வேண்டாம் என்பார், எழும்பமாட்டார், பேச்சுத் தடுமாறும், நடக்கும்போது விழுவார். "வயசுதானே" என்று நாம் விட்டுவிடுகிறோம். சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறும். முட்டுக்காரருக்கு 'பம்' போதாமல் போகும். இருதயத்தையும் அது விடாது. இன்ஃபுளுவென்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. "நெஞ்சுவலியில் மவுத்தானார்" என்று நாம் சொல்லும் சில மரணங்களுக்கு முன்னால் ஒரு வாரத் தடிமன் இருந்திருக்கலாம்.

கொரோனாவை நாம் மறக்கவில்லை. இலங்கையில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். பெரும்பாலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். நமக்கு அதில் இன்னொரு வலியும் இருந்தது. 2020 ஏப்ரலில் ஜனாஸாக்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் அது மாறியது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. இடைப்பட்ட அந்தப் பத்து மாதங்களில் ஆஸ்பத்திரி என்றாலே பயம். மூச்சு வாங்கியும் வாய் திறக்காமல் வீட்டிலேயே படுத்திருந்த பெரியவர்கள் நாட்டின் பல ஊர்களில் இருந்தார்கள். அந்தக் கட்டளை போய்விட்டது. "ஆஸ்பத்திரிக்கு வேணாம் மகன், பெனடோல் போதும்" என்ற பழக்கம் போகவில்லை. முதலில் பார்மசி, கடைசியில் ஆஸ்பத்திரி என்ற இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக மாற்ற வேண்டும்.

அதற்குச் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். புலமைப்பரிசில் வகுப்பாக இருந்தாலும் சரி. தவறிய பாடத்தை நாங்கள் திரும்பச் சொல்லித் தருவோம். ஆனால் வீட்டில் நின்றால் அந்தப் பிள்ளையைப் பார்ப்பதும் அதே உம்மும்மாதானே? இது உண்மையான சிக்கல். அந்த இரண்டு மூன்று நாட்களுக்குச் சாச்சியோ மாமியோ பக்கத்து வீட்டாரோ பொறுப்பெடுக்கட்டும். அதுவும் முடியாத வீட்டில் பிள்ளை உம்மும்மாவோடு படுக்க வேண்டாம். கோப்பையும் துவாயும் வேறாக இருக்கட்டும், இருவரும் மாஸ்க் போடட்டும், பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத். ஆனால் இருமலோடு போய் முஸாபஹா செய்வது அவருக்குச் செய்யும் நன்மையல்ல. போனில் பேசினாலும் விசாரிப்புத்தான். "பார்க்க வரவில்லையே" என்று குறை சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். பாதிப் பேர் அந்தக் குறைக்குப் பயந்துதான் போகிறார்கள்.

பெரியவர் ஒருவர் வழமைக்கு மாறாகச் சோர்ந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். இன்ஃபுளுவென்சாவுக்கான மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசையை எடுத்துக் கொடுக்காதீர்கள், வைரஸுக்கு அது கேட்காது. இரவில் வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

வருடாந்த இன்ஃபுளுவென்சா ஊசியைப் பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அதே ஊசிதான். வயது போனவர்கள், நீண்டகால வருத்தக்காரர்கள், கர்ப்பிணிகள் போட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது. வசதியுள்ள பிள்ளைகள் பெருநாள் உடுப்போடு இதையும் ஒரு செலவாக எண்ணட்டும். வசதியில்லாத வீடுகளுக்குப் பள்ளிவாசல் நிர்வாகமும் வாலிபர் சங்கங்களும் கைகொடுத்தால் அதைவிடப் பெரிய சதகா வேறென்ன?

"அஜல் வந்தால் போக வேண்டியதுதான்" என்று சிலர் சொல்வார்கள். அஜல் அல்லாஹ்விடம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னது நம் மார்க்கம். நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள் இன்று நம் பிள்ளைகளையும் வளர்க்கிறார்கள். அவர்களுக்கு நாம் நோயைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருப்பது நம் கடமை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பகிருங்கள். இன்றைக்கே வீட்டுக்கு அழைத்து, "உம்மா சாப்பிட்டாங்களா, மூச்சு எப்படி?" என்று கேட்கட்டும்.

நம் பெரியவர்களுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. ஆமீன்.