முதுகுவலியும் மெக்கென்சியும்



சென்ற இதழின் முதுகுவலிக் கட்டுரையில் மாத்திரை, ஊசி, பெல்ட் எல்லாம் வந்தன. இயன்முறை சிகிச்சைக்கு ஒரே வரிதான். ராபின் மெக்கென்சியின் பெயர்கூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

நியூசிலாந்தின் வெலிங்டனில் இயன்முறை சிகிச்சையகம் நடத்தியவர் அவர். 1956இல் அங்கு வந்த ஒருவருக்கு முதுகிலிருந்து முழங்கால் வரை வலி. மூன்று வாரம் பார்த்தும் குறையவில்லை. ஒரு நாள் அவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார் மெக்கென்சி. முந்தைய நோயாளிக்காக ஒரு பக்கம் உயர்த்தப்பட்ட மேஜை அப்படியே கிடந்தது. அதிலேயே முதுகு பின்னோக்கி வளைய ஐந்து நிமிடம் படுத்திருந்தார் வந்தவர். வந்து பார்த்த மெக்கென்சி பதறிப்போனார். நோயாளியோ, கால்வலி போய்விட்டது என்றார்!

இன்னொருவர் என்றால் தற்செயல் என்று விட்டிருப்பார். மெக்கென்சி விடவில்லை. எந்த அசைவில் வலி காலைவிட்டு முதுகுப் பக்கம் ஒதுங்குகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். அதற்கேற்பச் சிலருக்குப் பின்னால் வளையும் பயிற்சி, சிலருக்கு முன்னால் குனியும் பயிற்சி. இந்தப் பயிற்சிகளை 1980இல் ‘ட்ரீட் யுவர் ஓன் பேக்’ என்ற புத்தகமாகவே எழுதி நோயாளிகள் கையில் கொடுத்துவிட்டார். காலமெல்லாம் தன்னிடமே வந்துகொண்டிருக்கட்டும் என்று நினைக்காத அந்த மனசுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

எல்லா முதுகுவலிக்கும் இந்த முறை பொருந்தாது என்பதும் உண்மை. கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இதையெல்லாம் விளக்க, இயன்முறை மருத்துவர் ஒருவரையே தொடர் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை