வலி போனால் கால் சரியாகிவிடுமா?

"எலும்பு ஒடையலப்பா, ஒண்ணுமில்ல!" எக்ஸ்ரேயைப் பார்த்ததும் ஊரே சொல்லும் தீர்ப்பு இது. மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் கபடி ஆடுகிற பையன் முழங்கால் திருகி விழுந்தால் அடுத்தது எண்ணெய் நீவல், இல்லாவிட்டால் புத்தூர் கட்டு. அறுந்தது எலும்பே இல்லையே! மூட்டுக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். என்கிற தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது.

சரி, கடனை உடனை வாங்கி ஆபரேஷனும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூத்தே அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்து வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அந்தப் புது நார் நாளுக்கு நாள் வலுவடையும் என்றுதானே நினைப்போம்? இல்லை. முதல் இரண்டு மூன்று மாதங்களில் அது தளர்ந்து, பிறகுதான் மெல்ல வலுப்பெறுகிறது. வேடிக்கை என்னவென்றால், வீக்கம் வடிந்து, வலி போய், பையன் நன்றாக நடக்கத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான்! "நல்லாத்தானே நடக்கற, பொங்கலுக்கு எறங்குடா" என்று கூப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்த டாக்டரே "ஆறு மாசம் கழிச்சு ஆடலாம்" என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டால் யாரை நொந்துகொள்வது?

2016-ல் வெளியான ஆஸ்லோ ஆய்வு ஒன்று, ஒன்பதாவது மாதம் வரை களமிறங்குவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. காலண்டர் மட்டும் போதாது. தொடையின் முன்தசைக்கு நல்ல காலில் இருப்பதில் 90 சதவீத வலுவாவது வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவிக் காட்ட வேண்டும். இதை எந்த ஊர் மைதானத்தில் யார் சோதிக்கிறார்கள்?

பவன் செராவத்தை 2022 ஏலத்தில் 2.26 கோடி கொடுத்து எடுத்தது தமிழ் தலைவாஸ். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் இந்திய அணித் தலைவராக ஆசியத் தங்கம் வாங்கினார். அவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. ஊர்ப் பையனை மட்டும் சொல்வார்கள்!

அவனுக்குப் பிசியோதெரபி என்றால் தர்மபுரிக்கோ ஓசூருக்கோ பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு. நாலு தடவை போவான், அப்புறம் நிறுத்திவிடுவான். கோப்பைக்கும் பேனருக்கும் வீடு வீடாக வசூல் செய்கிற விழாக்குழு, அடிபட்டவனின் பஸ் காசுக்கு ஒரு நோட்டு போட்டதுண்டா? பரிசுத் தொகைக்காக அவசரப்பட்டு இறங்கி மறுபடி அறுந்தால், எடுத்து வைக்க அந்தக் காலில் பழைய நாரும் இருக்காது. வேறு இடத்தில்தான் கத்தி வைக்க வேண்டும்.