கடல் நூல்களின் சாட்சி

கடலைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல மொழிகளில் உள. அவற்றை நம்மவர் பெரும்பாலும் இரண்டு வகையாகவே மதித்து வருகின்றனர். புயலும் கப்பற்சேதமும் தீவுவாசமும் நிறைந்தவை பொழுதுபோக்கிற்கு உரியன. மீன், சிப்பி, நீரோட்டம், உப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கூறுவன விஞ்ஞான மாணவர்க்கு உரியன. இலக்கிய மாணவர்க்கு இவ்விரண்டினாலும் ஆவதொன்றில்லை என்பது அவர்தம் கருத்து. நம் கல்லூரி நூல்நிலையத்திலும் இவை இருவேறு அறைகளில், ஒன்றையொன்று காணாமலே வாழ்ந்து வருகின்றன. இப்பாகுபாடு பொருந்தாது என்பதே யான் ஈண்டுக் கூற விழைவது. கடலையும் அதன் கரையையும் கண்டு எழுதிய எந்நூலும், எழுதியவர் கருதினும் கருதாவிடினும், ஒரு சாட்சிப் பத்திரமாகும். இன்ன ஆண்டில், இன்ன இடத்தில், இன்ன பொருள் இருந்தது என்று அது பிற்காலத்தார் முன் நின்று சொல்லுகின்றது. அச்சொல்லைக் கேட்கும் செவியோடு படிப்பதே அந்நூலை முழுதும் படிப்பதாகும்.

ஸ்டெல்லர் என்னும் ஜெர்மானியர் இலத்தீன் மொழியில் எழுதிய கடல் விலங்குகளைப் பற்றிய நூலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஸ்டெல்லர் 1709இல் பிறந்தவர். விட்டஸ் பெரிங் என்னும் கப்பல் தலைவரோடு ருஷிய நாட்டின் கீழ்க்கோடியினின்றும் புறப்பட்டு அமெரிக்கக் கரை காணச் சென்ற இயற்கை நூலறிஞர். திரும்பி வருங்கால், 1741 நவம்பரில், அவர்களுடைய கப்பல் மக்கள் வாழாத தீவொன்றில் ஒதுங்கிற்று. நோயால் பலர் மாண்டனர். பெரிங்கும் அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அங்கேயே உயிர் நீத்தார். அத்தீவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எஞ்சியோர் குளிர்காலம் முழுவதும் மணற்குழிகளில் பதுங்கிக் கிடந்து, உடைந்த கப்பலின் மரங்களைக் கொண்டே ஒரு சிறு கலம் கட்டி, 1742 ஆகஸ்டில் தாயகக் கரையை அடைந்தனர்.

இத்துன்பங்களுக்கு இடையே ஸ்டெல்லர் செய்த காரியம் வியக்கத்தக்கது. அத்தீவின் ஓரத்தில், ஆழமில்லா நீரில், மாட்டு மந்தை போலப் பெரிய விலங்குகள் கடற்பாசியை மேய்ந்து கொண்டிருந்தன. அவற்றுள் ஒரு பெண் விலங்கைக் கரைக்கு இழுத்து அவர் அளந்தார். நீளம் 24 அடி 8 அங்குலம். அதன் தோல் முதிய மரத்தின் பட்டையை ஒத்திருந்தது என்றும், வாயிற் பல் இல்லை, பாசியை அரைப்பதற்குக் கொம்பு போன்ற தகடுகளே உண்டு என்றும் எழுதினார். ஒன்றைத் தூண்டிலிட்டுப் பிடித்தால் ஏனையவை கயிற்றை அறுத்து அதனை விடுவிக்க முயன்றமையும், கொல்லப்பட்ட பெண் விலங்கு கிடந்த கரைக்கு அதன் ஆண் இரண்டு நாள் தொடர்ந்து வந்தமையும் அந்நூலில் உண்டு. பசித்த மாந்தர் அவ்விலங்கின் இறைச்சியை உண்டே பிழைத்தனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஸ்டெல்லர் 1746இல் இறந்தார். நூல் 1751இல் அச்சேறிற்று. 1768ஆம் ஆண்டிற்குப் பின்னர் அவ்விலங்கை உயிரோடு கண்டவர் எவருமிலர். முதன்முதல் காணப்பெற்று 27 ஆண்டுகளுக்குள் ஓரினமே உலகினின்றும் அற்றுப்போயிற்று! தப்பி வந்தவர் கொணர்ந்த கடல்நாய்த் தோல்களின் விலையைக் கண்டு வேட்டைக்காரர் அத்தீவுகளை நோக்கிக் கலஞ்செலுத்தினர். அவர்களுக்கு வழியுணவாக அமைந்தது இக்கடற்பசு. உயிரோடிருந்த அவ்விலங்கை நேரிற் கண்டு ஆராய்ந்து எழுதிய இயற்கை நூலறிஞர் உலகில் ஸ்டெல்லர் ஒருவரே. அவருடைய பக்கங்களை எடுத்துவிட்டால் நமக்கு எஞ்சுவன சில எலும்புகளே. பொழுதுபோக்கு நூல் என்று இதனை ஒதுக்குவார் எவரேனும் உளரோ? ஆயின் யாத்திரை நூல்கள் சாட்சி கூறுவனவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பின்வரும் வேட்டைக்காரர்க்கு வழிகாட்டுவனவாகவும் அவை அமைந்துவிடுகின்றன. இக்குறையை யாத்திரை நூல்களை மிகவும் போற்றுவோர் எடுத்துச் சொல்லுவதில்லை, சொல்லுதல் நேர்மையாகும்.

இத்தகைய சாட்சி ஏன் இன்றியமையாதது என்பதை டேனியல் பாலி என்னும் மீன்வள அறிஞர் 1995இல் எழுதிய மிகச் சிறிய கட்டுரையொன்று தெளிவாக்குகின்றது. ஒவ்வொரு தலைமுறையினரும் தாம் இளமையிற் கண்ட கடலையே இயல்பான கடல் என்று கொள்ளுகின்றனர்; தம் வாழ்நாளில் நேர்ந்த குறைவை மட்டுமே குறைவெனக் கணக்கிடுகின்றனர்; அவர்தம் மக்களோ அக்குறைந்த கடலையே நிறைந்த கடலாகக் கொண்டு தொடங்குகின்றனர் என்பது அவர் கூற்று. அளவுகோல் தலைமுறைதோறும் குறுகுமாயின் இழப்பை அளப்பது எங்ஙனம்? இதற்கு மருந்தாகப் பழைய பிரயாணிகளின் குறிப்புக்களையும் செவிவழிச் செய்திகளையும் விஞ்ஞானிகள் இகழாது எடுத்தாள வேண்டும் என்றார் அவர். விஞ்ஞானி ஒருவர் இலக்கிய மாணவரின் அறைக்கதவைத் தட்டுகிறார் என்றே யான் இதனைக் கொள்ளுகின்றேன்.

பழைய கடற்செய்தியைச் சாட்சியாகக் கொண்டு சோதித்தல் புதிய வழக்கமுமன்று. அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தில் பவுலடியார் சென்ற கப்பல் சேதமுற்ற வரலாறு கூறப்படுகின்றது. அங்கே மாலுமிகள் நீரின் ஆழத்தை முதலில் 20 பாகமாகவும், சற்று அப்பாற் சென்று 15 பாகமாகவும் கண்ட செய்தி உளது. ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஜேம்ஸ் ஸ்மித் என்பவர், தாமே பாய்க்கப்பல் செலுத்துபவராதலின், அக்காற்றையும் ஆழத்தையும் கப்பல் மிதந்த வேகத்தையும் மால்டாத் தீவின் கரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 1848இல் ஒரு நூல் வெளியிட்டார். ஞாயிறுதோறும் கேட்டுப் பழகிய அவ்வதிகாரத்தை அங்ஙனம் படிக்கலாகும் என்று நம்மில் எத்துணைப் பேர் எண்ணியிருப்போம்?

இனி, சுவையற்றதெனத் தோன்றும் நூலுக்கும் ஓர் உதாரணம் காட்டுவேன். சாலஞ்சர் என்னும் ஆங்கிலக் கப்பல் 1872 டிசம்பரில் புறப்பட்டு, 1876 மே மாதம் வரையில் உலகக் கடல்களைச் சுற்றி, 360க்கு மேற்பட்ட இடங்களில் நின்று ஆழம் பார்த்தும் வெப்பநிலை குறித்தும் வந்தது. அதன் அறிக்கை 1895 வரையில் 50 தொகுதிகளாக வெளிவந்தது. அவற்றை முழுதும் படித்தவர் மிகச் சிலராகவே இருத்தல் வேண்டும். ஆயினும், இந்நூற்றாண்டில் தாமே மிதந்து கடலை அளக்கும் ஆர்கோ என்னும் கருவிகள் கண்ட வெப்பநிலையை அப்பழைய எண்களோடு ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஏறத்தாழ 135 ஆண்டுகளில் கடலின் மேற்பரப்பு சராசரி 0.59 பாகை வெப்பமுற்றிருக்கிறதென்று அது கண்டது. கைவிரல் விறைக்க அவ்வெப்பமானியைக் கயிற்றில் இறக்கிய மாலுமி இதனைக் கனவிலேனும் கருதியிருப்பாரோ? அவர் செய்ததெல்லாம் கண்டதைத் தேதியோடு எழுதியதே.

எண் மட்டும் போதும் என்பது என் கருத்தன்று. ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அம்மையார் மீன்வள இலாகாவில் அலுவல் பார்த்தவர், விலங்கியல் கற்றவர், உரைநடையைப் பாட்டைப் போல் செப்பஞ்செய்து எழுதியவர். 1941இல் வந்த அவருடைய முதற் கடல் நூலை அக்காலத்தில் வாங்கிப் படித்தவர் சிலரே. 1951இல் வந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்பதோ பல மாதங்கள் அந்நாட்டார் மிகுதியும் வாங்கிய நூல்களுள் ஒன்றாய் விளங்கிற்று. இவ்வம்மையாரிடத்து யான் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. நிலத்தை மாற்றியது போல மனிதன் கடலை மாற்றிவிட இயலாது என்னும் நம்பிக்கை 1951ஆம் ஆண்டு நூலில் உண்டு. பத்தாண்டு கழித்து, 1961இல் வந்த பதிப்பின் முன்னுரையிலோ, அணுக்கழிவுகளைப் பீப்பாய்களில் அடைத்துக் கடலில் எறியும் வழக்கத்தை எடுத்துக் காட்டி, அந்நம்பிக்கை தகாதென்பதை அவரே உலகறிய எழுதினார். அதற்கடுத்த ஆண்டில், 1962இல், பூச்சிக்கொல்லி மருந்துகளின் கேட்டைக் கூறும் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. 1964இல் அவர் மறைந்தார். முன்னுரையைத் தாண்டிச் சென்று கதையைப் படிப்பது நம் மாணவர் வழக்கம். இந்நூலில் முன்னுரையே தலையாய பகுதி எனலாம்.

ஸ்டெல்லர் கண்ட விலங்கு அழிந்ததாயினும் அதன் நெருங்கிய உறவினம் ஒன்று நம் பாக் நீரிணைப்பிலும் மன்னார் வளைகுடாவிலும் இன்றும் வாழ்கின்றது. ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் கரையோரத்தார் கூறுவது அதனையே. கடற்புல் மேயும் சாதுவான அவ்விலங்கிற்கென 2022இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையை அடுத்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு காப்பகமாக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 21 என்று ஏடுகளிற் காண்கிறோம். அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டும் கடலுள் மூழ்கின; சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்தமை அதற்கொரு காரணம் என்பர். அத்தீவுகளின் மணலையும் மரத்தையும் பறவையையும் நிதானமாய்க் கண்டெழுதிய தமிழ் நூல் ஏதேனும் உண்டோ என்று தேடினேன். என் கைக்கு ஒன்றும் எட்டவில்லை.

கடலைப் பாடுவதில் தமிழர் எவர்க்கும் பின்னிட்டவரல்லர். ஐந்திணையுள் ஒன்றையே நெய்தல் என வகுத்தவர் நாம். புன்னையும் தாழையும் அலவனும் நம் பாட்டில் ஓயாது வருகின்றன. ஆனால் அவற்றை எவ்வாறு படிக்கின்றோம்? பட்டினப்பாலையில், நிறைமதி நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாது, சினைகொண்ட சுறவின் கோட்டை நட்டு வழிபட்ட செய்தி வருகின்றது. வழிபாட்டைப் பற்றித் தேர்வில் வினவுவர், நாமும் எழுதுவோம். அது எந்தச் சுறா, கோடு என்பது யாது என்று வினவுவாரைக் காணோம். ரம்பம் போல் இருபுறமும் பல் நிறைந்த நீண்ட மூக்கினையுடைய வேளா மீனே அது என்று கருத இடமுண்டு. அம்மீன் இன்று உலகெங்கும் அருகி, நம் நாட்டிலும் பிடித்தல் ஆகாதென்று சட்டத்தால் காக்கப்படும் நிலையில் உள்ளது. அவ்வாறாயின், காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் ஊரார் நட்டு வணங்கும் அளவிற்கு அது கிடைத்த காலத்திற்கு அப்பாட்டு ஒரு சாட்சியன்றோ? உரையாசிரியர்க்கு இவ்வினா எழாதது குற்றமன்று. அவர் காலத்தில் மீன் இருந்தது. நமக்கு எழாதிருத்தல் வேறு.

உரைநடையில் நம் கடல் வறியது என்று முற்றிலும் கூறுதலும் நியாயமாகாது. வண்ணநிலவன் 1977இல் எழுதிய 'கடல்புரத்தில்' என்னும் நாவலில் வல்லத்தில் மீன் பிடிப்போர்க்கும் லாஞ்சு வைத்திருப்போர்க்கும் மூண்ட பகை கதையோடு கதையாய் வருகின்றது. மீன்வளம் குறைந்ததன் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாவலைத் தள்ளிவிட இயலாது. ஜோ டி குரூஸ் அவர்களின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. கட்டுமரமேறி ஆழ்கடல் சென்றாரின் தொழிலும் சொல்லும் அதில் நிறைந்துள்ளன. ஆயினும் இவை நாவல்கள். நாவலாசிரியர் கதையின் பொருட்டு ஒரு மீனைக் கூட்டவும் குறைக்கவும் உரிமை உடையவர். தேதியும் ஆழமும் இடமும் குறித்து, கண்டதைக் கண்டவாறு எழுதும் கடல் நூலே நமக்குப் பற்றாக்குறையாய் உள்ளது. அந்நூலை எழுதத் தக்கவர் விலங்கியல் மாணவரே என்று நம் வகுப்பில் ஒருவர் வாதித்தார். யான் உடன்படேன். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றிற்கும், பருவந்தோறும் மாறும் மீன்குஞ்சுகளுக்கும் பெயரிட்டு வழங்கும் முதியோரின் சொல்லைப் பிழையறக் கேட்டு எழுதுவதற்குத் தமிழ் கற்றவரே முற்பட வேண்டும். சொல் மறைந்தபின் பொருளைத் தேடுதல் அரிது.

நம் விடுதியில் கடற்கரை ஊர்களினின்றும் வந்த மாணவர் சிலர் உளர். அவருள் இருவர் சென்ற விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினர். மீனின் பெயர், கிடைக்கும் மாதம், எத்தனை பாகத்தில், எவ்வலையில் என நான்கு பத்திகள் இட்டு, ஐந்தாவதாகக் கடைசியாகப் பிடித்தது எப்போது என்பதற்கு ஒரு பத்தியும் விட்டிருந்தனர். சாளைக்கும் நெத்திலிக்கும் நேரே அப்பத்தியில் அவ்வாரத்துத் தேதியே இருந்தது. வேளாவுக்கு நேரே தேதி இல்லை. தாத்தா காலத்தில் என்று மட்டும் எழுதியிருந்தனர். இவ்விடுமுறையில் அண்டை ஊர்களுக்கும் சென்று கேட்டு எழுத இருக்கின்றனர். ஆசிரியர் குழுவினர் இடமளிப்பின் அப்பட்டியலை அடுத்த ஆண்டு மலரில் காணலாம்.