புலி பார்க்கப் போறீங்களா?

லீவு விட்டால் திருப்பதி, பழனி, ஊட்டி என்று கிளம்புவது வானூர், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வழக்கம். இப்போது அந்தப் பட்டியலில் புலியும் சேர்ந்துவிட்டது! "முதுமலை போனா புலி பார்க்கலாமாமே" என்று கடைக் கல்லாவிலும் ஆபீஸ் மேஜையிலும் பேச்சு. நாலு குடும்பம் சேர்ந்து வேன் பேசுகிறது. தலைக்கு இவ்வளவு என்று வசூலும் நடக்கிறது.

நல்ல ஆசைதான். டி.வி.யில் பார்த்த புலியைக் காட்டில், கம்பி இல்லாமல் பார்க்கணும் என்று பிள்ளைகள் கேட்பதில் தப்பு இல்லை. வண்டலூரிலும் புலி உண்டு. ஆனால் அது வேளாவேளைக்கு இறைச்சி வாங்கித் தின்கிற புலி. காட்டுப் புலி வேறு.

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973 ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கியது. தமிழ்நாட்டில் 1988-ல் களக்காடு-முண்டந்துறை முதல் புலிகள் காப்பகம் ஆனது. இன்று முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை என்று மொத்தம் ஐந்து. 2006 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் புலிகள் 76. 2022-ல் 306! பதினாறு வருஷத்தில் நாலு மடங்கு. வனத்துறையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதில் முதுமலையில் மட்டும் 114. "அட, அவ்வளவு புலியா? ஒண்ணாவது கண்ணில் படாதா?" என்று கேட்கலாம். காப்பகத்தின் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு புலிக்கு ஆறு சதுர கிலோமீட்டர் காடு. வனத்துறை வண்டி போவது குறிப்பிட்ட சில பாதைகளில், அதுவும் ஒரு மணி நேரம் போல. புலி வாரத்துக்கு ஒரு மான் அடித்தால் அதிகம். வயிறு நிறைந்துவிட்டால் உண்ணிச்செடிப் புதருக்குள் படுத்துக் கிடக்கும். பத்தடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது. டிக்கெட் வாங்கியவர்களுக்காக எழுந்து வந்து நிற்குமா என்ன?

மான், காட்டெருமை, யானை, மயில் பார்க்கலாம். தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குச் சோறு உருட்டிக் கொடுப்பதைப் பார்க்கலாம். 2023-ல் ஆஸ்கார் பரிசு வாங்கிய குறும்படம் எடுத்த இடம் அதுதான். புலி தெரிந்தால் அதிர்ஷ்டம். இந்த மனசோடு போகிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.

"புலி கேரண்டி" பேர்வழிகள்

ஏமாற்றுகிறவர்களுக்கும் பஞ்சம் இல்லை. "ராத்திரி பத்து மணிக்கு ஜீப்புல கூட்டிட்டுப் போறோம் சார், புலி கேரண்டி" என்று சிலர் காதோடு சொல்வார்கள். நம்பவே கூடாது. வனத்துறை வண்டி பகலில் மட்டும்தான் போகும். இரவில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைவது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம், வழக்கு. ஜீப்காரர் நழுவிவிடுவார், மாட்டிக்கொள்வது வெளியூர்க் குடும்பம்தான்.

விஷயம் அபராதத்தோடு போவதில்லை. அந்தக் காட்டோரத்தில் ஆதிவாசிகள் இருக்கிறார்கள், மாடு மேய்த்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இரவு முழுக்க வெளிச்சமும் ஹாரனும் போட்டு விலங்குகளை விரட்டினால் அவை எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும். 2021-ல் கூடலூர், மசினகுடி பகுதியையே நடுங்க வைத்தது டி-23 என்ற புலி. நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. "சுட்டுத் தள்ளு" என்று மக்கள் கொதித்தார்கள். மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15-ந் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் ஜனவரியில் மசினகுடி அருகே ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மீது நெருப்பை வீசி விரட்டினார்கள். புண் பட்டு யானை செத்தது. சுற்றுலாக்காரர் கொடுக்கிற பணத்தில்தான் இந்த மாதிரி விடுதிகள் முளைக்கின்றன. 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே யானை வழித்தடத்தில் விடுதிகள் கூடாது என்ற உத்தரவை உறுதி செய்தது.

அதே சுப்ரீம் கோர்ட்டு 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவையே நிறுத்தி வைத்தது. மூன்று மாதம் கழித்துக் கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதித்தது. ஆட்டம் போட்டால் மறுபடியும் பூட்டு விழும்!

போகிறவர்களுக்குச் சில தகவல். வானூரிலிருந்து விழுப்புரம், சேலம், கோவை, ஊட்டி வழியாகத் தெப்பக்காடு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்புகிற காரியம் இல்லை. நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய 2024 மே 7-ந் தேதி முதல் சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டும். அப்படியே மைசூர் போகலாம் என்றால், பண்டிப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. சொந்த வண்டியைக் காட்டுப் பாதைக்குள் விடமாட்டார்கள். கோடையில் காட்டுத் தீ பயம் இருந்தால் சுற்றுலாவை நிறுத்திவிடுவதும் உண்டு. முன்கூட்டியே விசாரித்துவிட்டு வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. வெள்ளைச் சட்டை, சென்ட், பாட்டுப் பெட்டி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அரசும் ஒன்று செய்யலாம். எத்தனை மணிக்கு வண்டி, என்ன கட்டணம், எது சட்டவிரோதம் என்று ஊட்டி, கூடலூர் பஸ் நிலையங்களில் பெரிய எழுத்தில் தமிழில் போர்டு வைக்கலாம். தரகர்களின் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இரவு ஜீப்புகளை நிறுத்துவது போலீசும் வனத்துறையும் சேர்ந்து நினைத்தால் ஒரு வாரத்து வேலை.

500 கிலோமீட்டர் போக வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? வானூர், மரக்காணம் வட்டங்களில் கழுவெளி இருக்கிறது. 5,000 எக்டேருக்கு மேல் பரந்த சதுப்பு நிலம். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகமே தெரிந்து வைத்திருக்கிற இடத்தை உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் மாதங்களில் திண்டிவனத்திலிருந்து ஞாயிறுதோறும் ஒரு சிறப்பு பஸ் விட்டால் கூட்டம் தன்னால் வரும். விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.