மதிப்பெண் பெறாத இயங்குதளம்

1992 ஜனவரியில் லினக்ஸைக் காலாவதியான வடிவமைப்பு என்று ஆண்ட்ரூ டேனன்பாம் சாடினார். லினஸ் டோர்வால்ட்ஸ் தம் மாணவராக இல்லாததற்கு மகிழ வேண்டும், இத்தகைய வடிவமைப்புக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்திராது என்றும் பாதி விளையாட்டாகச் சொன்னார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் லினக்ஸ் கெர்னலின் மீதே இயங்குகின்றன. இதைக் கல்விக்கூடத்தைத் தனிமனிதத் திறமை வென்ற கதையாகப் பலரும் சொல்லி மகிழ்கின்றனர். அது பாதி உண்மை.

மறுபாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிமம், அதன் மூலநிரலை வகுப்பறையில் கற்பிக்கத் தடை விதித்தது. மாணவர் வாசிக்க ஓர் இயங்குதளம் வேண்டும் என்பதற்காகவே டேனன்பாம் மினிக்ஸை எழுதி 1987-இல் வெளியிட்டார். ஹெல்சிங்கி மாணவரான டோர்வால்ட்ஸ் அவருடைய நூலை வாசித்து, மினிக்ஸில் வேலை செய்தே தம் கெர்னலைத் தொடங்கினார். மதிப்பெண் மறுத்த ஆசிரியரே கதவையும் திறந்து வைத்திருந்தார்.

இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் மதிப்பெண் உண்டு, கதவுதான் இல்லை. முட்டுநிலையின் நான்கு நிபந்தனைகளை மனனம் செய்து, காத்திருப்பு நேரத்தைத் தாளில் கணக்கிட்டு, கெர்னலின் ஒரு வரியைக்கூடப் பாராமல் மாணவர் தேர்ச்சி பெறுகிறார். எம்ஐடி 2006-இல் கற்பித்தலுக்கென்றே உருவாக்கிய எக்ஸ்வி6, ஒரு பருவத்தில் படித்து முடிக்கத்தக்க அளவே உடையது, இலவசமானது. ஐஐடி பம்பாய் போன்ற இடங்களில் அது வகுப்பறைக்கு வந்துவிட்டது. பிற கல்லூரிகளுக்கு என்ன தடை?

தொலைவைக் காரணம் காட்டுவதும் செல்லாது. ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்பு போர்ட் பிளேர்) ஷாதிபூரில் இத்துறையின் மீது பற்றுக்கொண்ட ஓர் இளைஞர் இருப்பதாகக் கொள்வோம். செயற்கைக்கோளை நம்பியிருந்த அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் இணைப்பு 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கப்பட்டது. ஆனால் இந்த வேலைக்கு அதுகூடப் பெரிதாகத் தேவையில்லை. ஒரு பழைய கணினி, க்யூஎம்யூ, இன்டெல் இலவசமாகத் தரும் செயலிக் கையேடு ஆகியவற்றை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளிலிருந்து தொடங்கலாம். அங்கே திரையில் ஓர் எழுத்தைக் காட்டக்கூட ஆயத்த நூலகம் கிடையாது. குறுக்கீட்டு அட்டவணையில் ஒரு பதிவு பிழைத்தால், பிழைச்செய்தி எதுவுமின்றிக் கணினி மறுபடி தொடங்கிவிடும். அந்த மௌனத்தை இரவிரவாக ஆராய்பவர் கற்பதை எந்த வினாத்தாளும் அளப்பதில்லை. சேர்க்கைக்குழுவோ அவரிடம் சான்றிதழை மட்டுமே கேட்கும்.

தாமே கற்றவரின் அறிவில் இடைவெளிகள் இருக்கும் என்பது நியாயமான மறுப்பு. ஒத்திசைவுக் கோட்பாடு அறியாமல் எழுதிய பணி அட்டவணைப்பி என்றேனும் ஒருநாள் சிக்கும். அவ்விடைவெளியை நிரப்புவதற்குத்தானே பல்கலைக்கழகம் இருக்கிறது? லினக்ஸ் இருக்கையில் இன்னொன்று எதற்கு என்போருக்கும் விடை உண்டு: உடற்கூற்றியல் கூடத்தில் மாணவர் புதிய உடலைப் படைப்பதில்லை, உடலை அறிகிறார்.

சுயசார்பு பேசுவோரும் இதைக் கருத வேண்டும். சி-டாக்கின் பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது; பாரோஸ், ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலின் மீது எழுந்தது. அதில் இழிவேதும் இல்லை. ஆனால் அடியிலுள்ள கெர்னலைப் படித்துப் பழுதுநீக்க வல்லவர் எத்தனை பேர் என்பதே சுயசார்பின் அளவுகோல், பெயர்ப்பலகை அன்று.

பாடத்திட்டத்தில் வாசிக்கத்தக்க ஒரு கெர்னல் இடம்பெறட்டும். இயங்கும் நிரலை நேர்காணலில் சோதித்து அதற்கு மதிப்பெண் வழங்கட்டும். பட்டமில்லாதவர் எழுதியதையும் ஒரு பேராசிரியர் அமர்ந்து வாசிக்கட்டும். ஷாதிபூரின் இளைஞருக்குக் கணினியும் கையேடும் எட்டிவிட்டன. எட்டாதிருப்பது அந்த ஒரு வாசகர்தான்.