சபாரி ஜீப் போகும் பாதையில் யாருடைய காணி?

வடக்கில் சுற்றுலாவை வளர்ப்பது பற்றிப் பேசுபவர்கள் இப்போது கடற்கரையோடும் கோயிலோடும் நிறுத்திக்கொள்வதில்லை. சிறுத்தை, யானை, பூநாரை என்று வனவிலங்குப் பயணமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. யால பூங்காவில் ஜீப்புகளின் நெரிசல் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டதால், ஆட்கள் குறைவாகச் செல்லும் தூரத்துப் பூங்காக்களைத் தேடுவோர் கூடியிருக்கிறார்கள். புலம்பெயர்ந்து வாழும் உறவினர்களும் விடுமுறைக்கு வரும்போது இதைத்தான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்ட சிலருக்காக வில்பத்து, மடு வீதி, சுண்டிக்குளம், குமண ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு பயணத் திட்டம் தயாரித்தேன். பருவம், பாதை, கட்டணம் என்று தொடங்கிய வேலை, கடைசியில் வர்த்தமானிகளையும் காணிப் பிரச்சினையையும் வாசிப்பதில் போய் முடிந்தது. இந்தப் பூங்காக்களை அவற்றைச் சுற்றி வாழும் மக்களின் கதையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில் பயணத்துக்குத் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். வில்பத்துக்குள் நுழைய, புத்தளம் - அனுராதபுரம் வீதியிலிருந்து பிரிந்து ஹுனுவிலகம நுழைவாயிலுக்குப் போக வேண்டும். வில்லு எனப்படும் இயற்கையான மழைநீர்க் குளங்கள் வற்றத் தொடங்கும் வரண்ட மாதங்களில் விலங்குகள் தண்ணீரைத் தேடி வருவதால், அவற்றைக் காணும் வாய்ப்பு அதிகம். சுண்டிக்குளத்திலும் மன்னார் வங்காலையிலும் வலசைப் பறவைகளைப் பார்ப்பதற்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆகவே வடக்கை ஒரே பயணத்தில் முடிக்க விரும்புவோருக்கு பெப்ரவரியும் மார்ச்சும் பொருந்தும். குமணவில் பறவைகள் கூடு கட்டுவது ஏப்ரல் முதல் ஜூலை வரை என்பதால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே நல்லது. நுழைவுச்சீட்டை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வழங்குகிறது. வெளிநாட்டவருக்கான கட்டணம் வேறு. இனி, இந்தப் பயணத் திட்டத்தில் எழுதப்படாத பகுதிக்கு வருகிறேன்.

மூடிக்கிடந்த காடு

1,300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்பைக் கொண்ட வில்பத்து, நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. 1938 இல் தேசியப் பூங்காவான அது 1988 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. சமாதான காலத்தில் திறக்கப்பட்டு, 2006 மே மாதம் பூங்காவுக்குள் நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் எழுத்தாளர் நிஹால் டி சில்வா உட்பட வந்திருந்த பயணிகள் கொல்லப்பட்டதை அடுத்து மீண்டும் மூடப்பட்டது. திரும்பத் திறந்தது 2010 இல். 1985 மே 14 ஆம் திகதி அனுராதபுரத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்ட அதே நாளில் வில்பத்திலும் கொலைகள் நடந்தன. எங்கள் மீது நடந்ததைச் சொல்லும் நாங்கள், இவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வில்பத்தின் வடக்கு எல்லையில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற முஸ்லிம் கிராமங்கள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களில் இவர்களும் அடங்குவர். இருபது வருடங்கள் ஆளில்லாத காணியில் காடு வளரும். யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கியபோது, தெற்கின் ஊடகங்களில் அது ‘வில்பத்துக் காடழிப்பு’ என்று தலைப்பானது. 2017 இல் அந்தப் பகுதியில் மாவில்லு என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட வனம் பிரகடனப்படுத்தப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், காடழிக்கப்பட்ட இடத்தில் தனது சொந்தச் செலவில் மரம் நடுமாறு முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீனுக்கு உத்தரவிட்டது. அரசியல்வாதியின் பொறுப்பு என்பது வேறு கேள்வி. அங்கு முன்பு குடியிருந்த குடும்பம் எங்கே திரும்பிப் போவது என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் பதில் இல்லை.

சரணாலயமும் தேசியப் பூங்காவும் ஒன்றல்ல

சுண்டிக்குளத்தின் கதையும் இதன் தொடர்ச்சிதான். 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு 11,149 ஹெக்டேயர். 2015 ஜூன் 22 ஆம் திகதி தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டபோது 19,565 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 48,000 ஏக்கர். அதே நாளில் மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகியனவும் தேசியப் பூங்காக்களாயின.

இதைப் பெயர்மாற்றம் என்று கடந்து போக முடியாது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம்; கட்டுப்பாடுகளுடன் மக்கள் வாழலாம், தொழில் செய்யலாம். தேசியப் பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும். அதற்குள் விலங்குகளையும் தாவரங்களையும் பார்ப்பதற்காக, அனுமதிச்சீட்டுடன்தான் நுழையலாம். இறால் பிடிக்கப் போகும் தொழிலாளியும் மாடு மேய்ப்பவரும் அந்தச் சட்டத்தின் முன் அத்துமீறியவர்கள். பணம் கட்டி வரும் பயணி மட்டுமே முறையாக நுழைந்தவர்.

‘அரச காணிதானே’ என்று சொல்வது எளிது. வன்னியில் உறுதிக் காணி வைத்திருப்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களிடம் இருந்தவை அனுமதிப்பத்திரங்கள். பலர் தலைமுறையாகப் பயிர் செய்தும் எந்தப் பத்திரமும் பெறாதவர்கள். இருந்த பத்திரங்களும் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒவ்வொரு இடமாக ஓடியபோது தொலைந்தன. இடம்பெயர்ந்தவர்களின் காணியை வேறொருவர் காலங்கடந்த ஆட்சியைக் காட்டி உரிமை கோருவதைத் தடுக்க 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. ஆனால் காணியைக் காடென்று அரசே எடுத்துக்கொண்டால் அந்தச் சட்டம் கைகொடுக்காது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். வடக்கின் சரணாலயங்களைத் தரமுயர்த்தும் யோசனையை அரசு அறிவித்தது 2010 மே மாதத்தில். அப்போது வன்னி மக்களில் பலர் மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். காணியின் சொந்தக்காரர் முட்கம்பிக்குள் இருக்கும்போது, அந்தக் காணியின் எதிர்காலம் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. எல்லைக் கற்கள் நடப்பட்ட பிறகு ஆட்சேபம் தெரிவிப்பதற்கும், வரைபடம் வரைவதற்கு முன்பே பேச அழைக்கப்படுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எல்லை யாருக்காக நகரும்?

எல்லையை மாற்றவே முடியாது என்று அதிகாரிகள் சொல்லலாம். விடத்தல்தீவு அதற்கு மறுப்பு. 2016 இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட மன்னாரின் அந்தக் கண்டல் காட்டுப் பகுதியில், நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டத்துக்காக 168 ஹெக்டேயரை விடுவிக்க 2024 இல் வர்த்தமானி வெளியானது. சுற்றாடல் அமைப்புகள் வழக்குத் தொடுக்க, உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. நீதிமன்றம் செய்தது சரி. கண்டல் காடு அழிந்தால் முதலில் பாதிக்கப்படுவது கரையோர மீனவர்தான். ஆனால் முதலீட்டுக்காக இவ்வளவு விரைவாக நகரக்கூடிய எல்லை, மீள்குடியேறிய குடும்பத்தின் மேய்ச்சல் தரைக்காக ஏன் நகருவதில்லை?

இது தமிழருக்கு மட்டும் நடந்த விடயமும் அல்ல. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடுவ மக்கள் தமது காட்டிலிருந்து ஹெனானிகலவுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களின் தலைவர் ஊருவரிகே திஸாஹாமி தம்பானையை விட்டுப் போக மறுத்தார். காட்டைக் காத்தவர்களை வெளியேற்றிவிட்டு காட்டைக் காப்பாற்றப் போவதாகச் சொல்வது இந்த நாட்டின் பழைய பழக்கம்.

மாற்று வழி இருக்கிறது என்பதற்குக் குமண ஓர் உதாரணம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரை அடியார்கள், உகந்தை முருகன் கோயிலைத் தாண்டிக் குமண, யால காடுகளுக்கூடாகக் கால்நடையாகவே போகிறார்கள். ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி உள்ள பூங்கா, வருடத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு அவர்களுக்காகத் திறக்கப்படுகிறது. அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது, அது பழைய வழக்கம் என்பதால். அப்படியானால் சுண்டிக்குளத்தில் பருவகாலத்து மீன்பிடியும் பழைய வழக்கம்தான்.

காடு வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. 2023 இல் மட்டும் இந்த நாட்டில் 450 க்கும் அதிகமான யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானை தாக்கி 150 க்கும் அதிகமான மனிதர்கள் இறந்தார்கள். யானையின் வழித்தடத்தை மறித்துக் குடியேறினால் அந்த விலையைக் கொடுக்கப்போவதும் ஏழை விவசாயிதான். ஆகவே தேவைப்படுவது, எந்த நிலம் யானைக்கு, எந்த நிலம் மனிதனுக்கு என்பதை இரு தரப்பும் உட்கார்ந்து தீர்மானிக்கும் ஏற்பாடு.

அதற்கு மூன்று விடயங்கள் உடனடியாகச் செய்யப்படலாம். ஒன்று, 2009 க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் பிரகடனப்படுத்தப்பட்ட அல்லது விஸ்தரிக்கப்பட்ட ஒவ்வொரு ஒதுக்கத்தின் எல்லை வரைபடமும் தமிழில், கிராம அலுவலர் அலுவலகத்தில் மக்கள் பார்க்கக்கூடியதாக வைக்கப்பட வேண்டும். இரண்டு, பழைய அனுமதிப்பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு, கிணறு, தென்னை, இடிந்த பாடசாலை ஆகியவற்றைச் சான்றாக ஏற்று, பிரதேச செயலகமும் திணைக்களமும் கூட்டாக விசாரிக்க வேண்டும். மூன்று, வழிகாட்டி, ஜீப், படகு, தங்குமிடம் ஆகிய தொழில்களில் எல்லையோரக் கிராமங்களுக்கு முன்னுரிமை வேண்டும். இராணுவத்தின் விடுதிகளில் தங்கி ஒரு பயணி திரும்பினால், கிராமத்துக்கு மிஞ்சுவது வாகனத்தின் புழுதி மட்டும்.

பயணம் போகும் வாசகர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. உள்ளூர் ஜீப்பையும் உள்ளூர் வழிகாட்டியையும் கேட்டு வாங்குங்கள். இரவு தங்குவதானால் கிராமத்து வீட்டில் தங்குங்கள். பூநாரைகளைப் பார்த்த கையோடு, அந்தக் களப்பில் முன்பு யார் வலை வீசினார்கள் என்றும் வழிகாட்டியிடம் கேளுங்கள். அநேகமாக அவருடைய தகப்பனின் பெயரும் அந்தப் பதிலில் வரும்.